தோட்டா வளைந்து போகுமா?

கேள்வி: 'வாண்டட்' படத்தில் கையை வீசிச் சுட்டால் தோட்டா ஆளைச் சுற்றிப் போகிறதே, முடியுமா?
– வாசகர், முதலிபாளையம்

பதில்: முடியாது. குழலை விட்ட தோட்டாவைக் கை வீச்சு வளைக்காது. கொஞ்சம் சாய்ந்த திசையில் போகும், அவ்வளவுதான்.

ஆனால் பழைய உருண்டைக் குண்டு நிஜமாகவே வளைந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் முனையை இடப்பக்கம் வளைத்த குழலால் சுட்டார். வழியில் மெல்லிய தாள் திரைகள். இடப்பக்கம் கிளம்பிய குண்டு, வளைந்த முனையில் உரசிப் பெற்ற சுழற்சியால் வலப்பக்கம் திரும்பியதை ஓட்டைகள் காட்டின. எவ்வளவு அழகான சோதனை! கிரிக்கெட்டில் சுழற்பந்து காற்றில் விலகுவதும் இதே விளைவு.

இன்றைய தோட்டா அப்படியல்ல: திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை ரைஃபிள்களின் குழலுக்குள் சுருள் வரிகள் உண்டு. அதனால் தோட்டா தன் நீள அச்சில் பம்பரமாய்ச் சுழன்று நிலையாகப் பறக்கும். பக்கவாட்டு விலகல் மிகக் குறைவு. கீழ்நோக்கிய வளைவு மட்டும் எல்லாத் தோட்டாவுக்கும் உண்டு: நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலும், 300 மீட்டருக்குள் புவியீர்ப்பு அதை அரை மீட்டருக்கு மேல் இறக்கிவிடும்.