சர்வீஸ் மார்க்கெட்டிங் என்னும் பாடமும் நம் பிள்ளைகளும்

நம் சமூகத்துப் பிள்ளைகளில் பல்கலைக்கழகம் சென்றவர் யார் யாரென்று கேட்டால், டாக்டரையும் வக்கீலையும் எஞ்சினியரையும் விரல் விட்டுச் சொல்லுவோம். வர்த்தகத் துறையில் சேர்ந்த பிள்ளையைக் கேட்டால் மட்டும், "ஏதோ பிசினஸ் படிக்கிறான்" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். வியாபாரத்தையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட நாம் இவ்வாறு சொல்வது விசித்திரந்தான். அந்தப் பிள்ளைகளில் பலரும் அதே எண்ணத்தோடு பாடத்தை மனப்பாடம் செய்து பட்டம் வாங்குகிறார்கள். பி.டி.பி.டி.என். என்னும் அரசாங்கக் கல்விக் கடனில் படித்துவிட்டு, படித்தது இன்னதென்று விளங்காமலே கடனைக் கட்டத் தொடங்குகிறவர்களும் உண்டு.

அப்படிப்பில் இடையிலோ கடைசி ஆண்டிலோ வரும் பாடம் ஒன்றைக் குறித்தே இங்கு எழுதுகிறேன். சர்வீஸ் மார்க்கெட்டிங் என்பது அதன் பெயர். சேவைச் சந்தைப்படுத்தல் என்று தமிழில் சொல்கிறார்கள். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்த கடைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். என் தமக்கை மகன் விடுமுறை நாட்களில் கடையில் உட்கார்ந்து இந்தப் புத்தகத்தைப் படித்துப் பொருள் சொல்லக் கேட்டேன். கேட்கக் கேட்க, இது நம் கல்லாப்பெட்டியின் கதையல்லவா என்றே தோன்றிற்று.

சோப்புக்கட்டி விற்பது ஒரு வியாபாரம். முடி வெட்டுவது இன்னொரு வியாபாரம். முன்னதில் பொருள் கைமாறுகிறது. பின்னதில் வந்தவர் கையில் ஒன்றும் கொண்டு போவதில்லை, ஆனால் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். சேவைக்கு நான்கு குணங்கள் என்று புத்தகத்தில் வகுத்திருக்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாது; செய்பவரை விட்டுப் பிரியாது; ஒருநாள் போல் ஒருநாள் இராது; மிஞ்சியதைச் சேர்த்து வைக்க முடியாது.

மலாக்காப் பட்டணத்தில் வாழும் பிள்ளைக்கு இவற்றை விளங்கிக்கொள்ள வெளிநாட்டு உதாரணம் எதற்கு? உம்ரா பயணத்துக்குப் பணம் கட்டுகிறவர் ஆயிரக்கணக்கான வெள்ளியைக் கொடுத்துவிட்டு ஒரு ரசீதோடு வீடு திரும்புகிறார். வாங்கியது எதையும் அவர் கண்ணால் கண்டதில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டுதான் தெரியாததை எடை போடுகிறார்: அலுவலகம் சுத்தமா, சுவரில் சுற்றுலா அமைச்சின் உரிமம் தொங்குகிறதா, பேசுகிறவர் தடுமாறாமல் பேசுகிறாரா என்று பார்க்கிறார். நாணய மாற்றுக் கடையிலும் இதுவே. 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி பேங்க் நெகாரா கொடுக்கும் உரிமத்தை முகப்பில் மாட்டி வைப்பது சட்டத்துக்காக மட்டுமன்று, வாடிக்கைக்காரரின் மனத்துக்காகவுந்தான்.

பிரியாத குணத்துக்கு ஓதிக்கொடுக்கும் ஹஜரத்தை எண்ணிப் பாருங்கள். பிள்ளை எதிரில் உட்கார்ந்து வாய் திறந்தால்தான் பாடம் நடக்கும். ஹஜரத் எவ்வளவு நன்றாக ஓதினாலும் பிள்ளையின் பங்கு பாதி. மாறுங் குணத்துக்கு ஒட்டுக்கடை போதும். காலையில் ரொட்டி சானாய் வீசிய அதே கைதான் இரவு பத்து மணிக்கும் வீசுகிறது. ரொட்டி அதே ரொட்டியாக இருப்பதில்லை.

நான்காவது குணந்தான் மலாக்காவுக்கு மெத்தப் பொருந்தும். 2008ஆம் ஆண்டு ஜூலையில் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. ஜோங்கர் தெருவின் இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறுகளில் கூடுகிறது. அந்நாட்களில் ஓட்டலில் அறை கிடைப்பது அரிது. செவ்வாய்க்கிழமை அதே ஓட்டலில் விளக்கெரியும் அறைகளை எண்ணிவிடலாம். விற்காத அரிசி மூட்டை மறுநாளும் மூட்டைதான். விற்காத செவ்வாய்க்கிழமை அறையைச் சனிக்கிழமைக்கு எடுத்து வைக்க முடியுமா? நாளுக்கொரு விலை வைப்பதும், வாரநாட்களில் பள்ளிக்கூடக் கூட்டத்தாரையும் கருத்தரங்கு நடத்துவோரையும் தேடிப் பிடிப்பதும் இதனால்தான். வரவுக்கும் இருப்புக்கும் உள்ள இந்தச் சண்டையைப் படிப்பதற்கென்றே புத்தகத்தில் ஓர் அத்தியாயம் உண்டு.

நிற்க. இத்துறையில் உலகெங்கும் பிள்ளைகள் படிக்கும் பெயர்களில் ஒன்று பரசுராமன் என்பது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்கா சென்று பேராசிரியரானவர் அவர். சைத்தாமல், பெர்ரி என்ற இருவரோடு சேர்ந்து 1985இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வங்கி, கடன் அட்டை, பங்குத் தரகு, பழுது பார்த்தல் ஆகிய நான்கு தொழில்களை ஆராய்ந்து, சேவை கெடுவதற்குக் காரணமான ஐந்து இடைவெளிகளைக் காட்டினார்கள். 1988இல் 22 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றைச் செய்தார்கள். செர்வ்குவால் என்பது அதன் பெயர். சொன்னபடி செய்தல், உடனே கவனித்தல், நம்பிக்கையூட்டல், ஆளறிந்து பரிவு காட்டல், கண்ணுக்குத் தெரியும் வசதிகள் என்று ஐந்து பங்காகத் தரத்தைப் பிரித்தார்கள். இவற்றுள் சொன்னபடி செய்தலையே வாடிக்கைக்காரர் பெரிதாக எண்ணுகிறார்கள் என்றும், வசதிகளைக் கடைசியில் வைக்கிறார்கள் என்றும் கண்டார்கள். கடையைப் புதுப்பிக்கக் கடன் வாங்குமுன் நம்மவர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஐந்து இடைவெளிகளில் முதலாவது, வாடிக்கைக்காரர் விரும்புவது ஒன்று, முதலாளி நினைப்பது மற்றொன்று என்பது. இதற்குத் தோட்டத்துக் கடையைவிட நல்ல பாடம் நான் அறியேன். ஜாசின், புக்கிட் ஆசாஹான் பக்கத்துத் தோட்டங்களில் லயங்கள் நிறைந்திருந்த காலத்தில், கடையில் அரிசி விலை பட்டணத்தைவிடக் கூடுதலாக இருந்தும் சனங்கள் அங்கேதான் வாங்கினார்கள். ஏன்? சம்பள நாள் வரை பற்று எழுதிக்கொள்ளும் நோட்டு அங்கே இருந்தது. ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் இருந்தது. இன்ன வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று அறிந்து பூண்டும் நல்லெண்ணெயும் எடுத்து வைக்கும் மனம் இருந்தது. அந்தக் கடை விற்றது அரிசியையன்று. அதே நோட்டில் பற்று ஏறி ஏறி மீளாமற் போன குடும்பங்களும் உண்டென்பதை மறைக்கக்கூடாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, சனங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபோது, தோட்டத்துக் கடைக்காரர் சிலரும் பட்டணத்துக்கு வந்து கடை வைத்தார்கள். சரக்கைக் கொண்டு வந்தவர்கள் பேரங்காடிகளோடு விலையில் மோதித் தோற்றார்கள். ஆளறிந்து பழகும் வழக்கத்தைக் கொண்டு வந்தவர்கள் நெடுநாள் நின்றார்கள். முதல் இடைவெளி என்று பரீட்சையில் எழுதும் பிள்ளை இதை எண்ணிக்கொண்டு எழுதினால் விடை மறக்காது.

மலாக்காவின் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு, சுமத்ராவின் டுமாயிலிருந்து பெர்ரியில் நோயாளிகள் வருகிறார்கள். அறுவை நன்றாக நடந்ததா என்று நோயாளி தாமாக அறிய முடியாது, நம்பத்தான் வேண்டும். அவர் அறிவதெல்லாம் எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள், தம் மொழியில் யார் பேசினார்கள் என்பவைதாம். இத்தகைய வேலைகளுக்கு ஆள் தேவைப்படுகிறது. ஆஸ்பத்திரி, வங்கி, ஓட்டல், தக்காஃபுல் நிறுவனம் எல்லாம் இந்தப் பாடத்தைப் படித்தவருக்கு ஏற்ற இடங்கள். மலேசியாவின் மொத்த உற்பத்தியில் பாதிக்கு மேல் சேவைத் துறையிலிருந்தே வருகிறது என்பதையும் பெற்றோர் அறிய வேண்டும்.

இனிப் படிக்கும் முறை. நம் நாட்டுக் கணக்குப்படி ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேர உழைப்பு. மூன்று கிரெடிட் பாடமென்றால் 120 மணி. வாரம் மூன்று மணியாகப் பதினான்கு வாரம் வகுப்பில் உட்கார்ந்தாலும் 42 மணிதான் ஆயிற்று. மிச்சம் பிள்ளையின் பொறுப்பு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாயில் இடைநிலைக் கல்வி முடித்து, ஆங்கிலத்தில் இதைப் படிக்கும் பிள்ளைக்கு இன்னுங் கூட வேண்டியிருக்கும். அத்தகைய பிள்ளை ஒவ்வொரு கருத்தையும் முதலில் தாய்மொழியில், தெரிந்த கடையொன்றை வைத்துச் சொல்லிப் பார்க்கட்டும். பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும்.

கட்டுரைப் பயிற்சிக்குப் பெரிய விமானக் கம்பெனியையும் அமெரிக்கக் காப்பிக் கடையையும் எடுத்து, பிறர் எழுதியதைப் பார்த்து எழுதும் வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளைச் சுற்றி எத்தனை உணவுக்கடைகள்! ஷோஸ்டாக் என்ற அம்மையார், வங்கி அதிகாரியாக இருந்தவர், 1984இல் சேவைக்கு வரைபடம் போடும் முறையை விளக்கியபோது எடுத்துக்கொண்டது தெருமுனையில் பூட்ஸ் துடைப்பவரின் வேலையை. அதுபோல் ரொட்டி சானாய்க்கு வரையலாம். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே வாடிக்கைக்காரர் காண்பது: உட்காருகிறார், கேட்கிறார், தின்கிறார், பணங் கொடுக்கிறார். கீழே அவர் காணாதது: மாவு பிசைதல், குழம்பு கொதித்தல், தட்டு கழுவுதல். எந்த இடத்தில் தவறு நேருமோ அங்கே ஒரு குறி. பெரும்பாலும் குறி விழுவது சமையற்கட்டிலன்று. கேட்டதை எழுதாமல் காதால் வாங்கிக் கூவும் இடத்தில்.

பெர்ரி சொன்ன இன்னொரு செய்தி முதலாளிகளாகிய நமக்கு. ஊழியரும் ஒரு வாடிக்கைக்காரரே என்று அவர் 1981இல் எழுதினார். காலையில் பையனை ஏசிவிட்டு, வந்தவரிடம் சிரித்துப் பேசு என்றால் அவன் எங்கிருந்து சிரிப்பான்?

22 கேள்விகளையும் வேதவாக்காகக் கொள்ளவேண்டியதில்லை. எதிர்பார்ப்பைத் தனியே கேட்காமல் கிடைத்ததை மட்டும் கேட்டாலே போதுமென்று குரோனின், டெய்லர் என்போர் 1992இல் மறுத்திருக்கிறார்கள். எது சரியென்று ஒரு கடையில் இருபது பேரிடம் கேட்டுப் பார்த்தால் பிள்ளைக்கே ஓர் அபிப்பிராயம் பிறக்கும்.

இதற்குக் கடைக்காரர்கள் இடங்கொடுக்க வேண்டும். கேள்வித்தாளோடு வரும் மாணவரை, வரி இலாகா ஆளோ என்று பார்ப்பதை விட்டு, ஒரு நாற்காலி போடுங்கள். மாணவர்களும் பகல் உணவு நேரத்தில் வந்து நிற்க வேண்டாம். மூன்று மணிக்கு மேல் வந்தால் கல்லாவில் இருப்பவருக்கும் பேச அவகாசமிருக்கும்.