பழைய ஹார்ட் டிஸ்க்கை எடைக்குப் போடுவதற்கு முன்



2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. அதனால் பல வீடுகளில் புதிய கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். பழையது பரணுக்கோ, பழைய சாமான் கடைக்கோ போகிறது. அதன் ஹார்ட் டிஸ்க்கில் பிள்ளைகளின் சான்றிதழ் நகல்கள், நிக்காஹ் படங்கள், மறைந்த பெரியவர்களின் குரல் பதிவுகள் இருக்கலாம். எடைக்குப் போனால் அவை திரும்பி வரா. டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், அதையே புதிய கம்ப்யூட்டரில் கூடுதல் சேமிப்பிடமாக வைத்துக்கொள்ளலாம்.

1. வகையைப் பாருங்கள். லேப்டாப் டிஸ்க் 2.5 அங்குலம், மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க் 3.5 அங்குலம். பின்புறம் மெல்லிய, தட்டையான இரண்டு இணைப்புகள் இருந்தால் அது சாட்டா வகை. 40 ஊசிகள் வரிசையாக இருந்தால் மிகப் பழைய ஐ.டி.இ. வகை, அதற்குத் தனி மாற்றி தேவை.

2. இணைக்கும் வழி. புதியது லேப்டாப் என்றால் டிஸ்க்கை யு.எஸ்.பி. உறையில் போட்டு வெளியிலிருந்து இணைக்கலாம். 2.5 அங்குல டிஸ்க்குக்குப் பொதுவாக யு.எஸ்.பி. மின்சாரமே போதும். 3.5 அங்குலத்துக்கு 12 வோல்ட் அடாப்டருடன் கூடிய உறை வேண்டும். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இவை கிடைக்கும்; டிஸ்க்கையே கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் காலியாக உள்ள சாட்டா இணைப்பிலும் பவர் சப்ளையிலிருந்து வரும் கேபிளிலும் மாட்டலாம். பழைய விண்டோஸ் திறந்தால் பயாஸில் புதிய டிஸ்க்கை முதலிடத்தில் வையுங்கள்.

3. ஃபார்மட் செய்ய அவசரப்படாதீர்கள். முதலில் தேவையான கோப்புகளைப் புதிய கம்ப்யூட்டருக்கு நகலெடுங்கள். சிலவற்றைத் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். அதன் பிறகே ஃபார்மட். "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் தானாகக் கேட்டாலும் வேண்டாம் என்றே அழுத்துங்கள். டிஸ்க் காலி என்று அதற்குப் பொருள் அல்ல. விண்டோஸால் படிக்க முடியவில்லை என்றுதான் பொருள். லினக்ஸ் இருந்த டிஸ்க்கிலும் இப்படிக் கேட்கக்கூடும். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் தேவைப்படும். ஆகவே பழைய கம்ப்யூட்டர் ஓடும்போதே பிட்லாக்கரை நிறுத்திவிடுங்கள்.

4. உடல்நிலையைச் சோதியுங்கள். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் நிலையைக் காட்டும். எச்சரிக்கை வந்தால் நகலெடுத்துவிட்டு ஓய்வு கொடுத்துவிடுங்கள். 'டிக் டிக்' என்று தட்டும் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள்; ஓட ஓடச் சேதம் கூடும்.

5. தண்ணீரில் நனைந்த டிஸ்க். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை வீடுகளில் பட்ட பாடு நமக்கு மறக்காது. பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளில் காற்று போக ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும். காய்ந்துவிட்டதே என்று மின்சாரம் கொடுக்காதீர்கள். வெயிலிலும் அரிசியிலும் வைக்காதீர்கள். தகவல் மீட்பு நிபுணரிடம் அப்படியே கொடுங்கள்.

6. ஒரே பிரதியை நம்பாதீர்கள். பழைய டிஸ்க் எந்த நாளும் நின்றுபோகலாம். அதில் இரண்டாவது நகலை மட்டும் வையுங்கள். முக்கியமானவற்றின் மூன்றாவது நகல் வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. டிஸ்க்கை விற்கவோ கொடுக்கவோ போகிறீர்களா? டெலீட் செய்வதும் விரைவு ஃபார்மட்டும் போதாது. கோப்புகளை மீட்டெடுக்க முடியும். விண்டோஸில் 'குயிக்' என்ற குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். பல மணி நேரம் ஆகலாம். ஜெராக்ஸ் கடை, டிராவல்ஸ் நடத்தும் சகோதரர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். வாடிக்கையாளர்களின் ஆதார், பாஸ்போர்ட் நகல்கள் உங்களிடம் உள்ள அமானிதம். ஓடாத டிஸ்க்கைக் குப்பைத் தொட்டியில் போடாமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேருங்கள்.

இந்த வாரம் பரணில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். உங்கள் வாப்பாவின் குரல் அங்கே தூசி படிந்து கிடக்கலாம்.