ஸ்டார்ட்டர் இயங்காத மோட்டார் சைக்கிள்

1955-இல் சென்னையில் நிறுவப்பெற்ற என்பீல்டு இந்தியா கம்பெனி திருவொற்றியூரில் தயாரித்த புல்லட் வண்டியைக் காலால் உதைத்தே கிளப்ப வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்திக் கிளப்பும் கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர் 1984-இல் வந்தது. இன்றோ பல மோட்டார் சைக்கிள்களில் உதைக்கும் மிதியே கிடையாது. ஆகையால், குடியாத்தத்தில் நெய்த லுங்கிக் கட்டைச் சங்கத்திற்குக் கொண்டுசெல்லும் நெசவாளரும், ஆம்பூர்ச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிய விவசாயியும், பொத்தான் பயன்படாத அன்று திகைத்து நிற்கின்றனர். உடனே புதிய பாட்டரி வாங்கிவிடுவதே பலருடைய வழக்கம். சில நாட்கூலி அதில் கரைந்துவிடுகிறது. பணம் கொடுக்குமுன் கால்மணி நேரம் ஆராய்ந்தால், குற்றம் பாட்டரியிலா அன்றி இணைப்பிலா என்பது விளங்கிவிடும்.

பாட்டரியிலிருந்து கனத்த கம்பியொன்று ரிலேக்கும், அங்கிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் செல்கிறது. மின்சாரம் எஞ்சினின் உலோக உடல் வழியாகவும் எர்த் கம்பி வழியாகவும் பாட்டரியின் எதிர்முனைக்குத் திரும்புகிறது. நாம் அழுத்தும் பொத்தான் ரிலேயை மட்டுமே இயக்குவது. ஹாரனுக்குச் சில ஆம்பியர் மின்சாரம் போதும். ஸ்டார்ட்டருக்கோ அதைப்போல் பல மடங்கு வேண்டும். தூர்ந்த வாய்க்காலில் குடம் நிரம்பும் அளவு நீர் வரலாம், வயல் பாயாது. ஆகவே ஹாரன் ஒலிப்பதைக் கொண்டு பாட்டரி நன்றாக உள்ளதென முடிவு செய்தல் சரியன்று.

முதலில், சிவப்பு நிற நிறுத்துவிசை அணைந்த நிலையில் உள்ளதா, வண்டி நியூட்ரலில் நிற்கிறதா, பக்கத் தாங்கி மடிந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக் குழந்தைகள் விசையைத் தட்டிவிட்டிருப்பதும் உண்டு. கிளச்சை அழுத்தினாலன்றி இயங்காத வண்டிகளும் உள.

பிறகு, நியூட்ரல் விளக்கைக் கவனித்தவாறே பொத்தானை அழுத்துக. விளக்கு மங்கி, ‘டக் டக்’ என்ற ஒலி தொடர்ந்து கேட்டால், பாட்டரி தளர்ந்திருக்கும். அல்லது முனைகளில் பிடிப்பு இராது. விளக்கு மங்காமலும் ஒலி எழாமலும் இருப்பின், பியூஸ், பொத்தான், தாங்கியின் ஸ்விட்ச் ஆகியவற்றை நோக்குக. ஒருமுறை மட்டும் ‘டக்’கென ஒலித்து, விளக்கும் மங்காமல் மோட்டார் அசையாதிருந்தால், ரிலேயின் உட்புறத் தொடுமுனையோ மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். எவ்வாறாயினும் ஐந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்துதல் கூடாது.

நம் பகுதியில் இணைப்புகளைத் தனியே கவனித்தல் அவசியம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புகளுக்குத் தோல் உப்பிடப்பெற்று வருகிறது. அந்த உப்புநீர் வண்டியில் சொட்டினால், ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொண்டு உலோகத்தை அரித்துவிடும். மயிர் நீக்கச் சுண்ணாம்புடன் சேர்க்கும் சோடியம் சல்பைடிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செம்பைக் கறுக்கச் செய்வது. ஷாப்பின் உள்ளே நாள்தோறும் வண்டியை நிறுத்துவோர் முனைகளை மாதமொருமுறை பார்ப்பது நலம். எர்த் கம்பி எஞ்சினோடு சேரும் திருகு கீழே மறைவாக இருப்பதால் அதை எவரும் பார்ப்பதில்லை. குற்றமோ பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்!

கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் கையாள வேண்டும். இல்லையேல் ஸ்பானர் வண்டியின் சட்டத்தில் பட்டுத் தீப்பொறி தெறிக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பதைச் சமையல் சோடா கரைத்த வெந்நீர் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியபின் வாசலைன் தடவுக. ரிலேயின் இரு முனைகளையும் திருப்புளியால் இணைத்துப் பார்ப்பவர் உளர். பெட்ரோலுக்கருகே பொறி பறக்கும். கியரில் இருந்தால் வண்டி பாய்ந்துவிடவும் கூடும். அது வேண்டா.

சங்கத்தில் பொதுவாக ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்தால் பலருக்கும் உதவும். சில மணி நேரம் ஓய்ந்திருந்த, நன்கு சார்ஜ் ஏறிய ஈயப் பாட்டரி சுமார் 12.6 வோல்ட்டுக்குக் குறையாது காட்டும். பொத்தானை அழுத்துகையில் அது 9.5 வோல்ட்டுக்குக் கீழே வீழ்ந்தால் பாட்டரியையே ஐயுற வேண்டும். மீட்டரின் ஒரு கம்பியைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்துப் பொத்தானை அழுத்தும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுமாயின், எர்த் இணைப்பு கெட்டுள்ளது என்பது உறுதி. பாட்டரி வாங்க வேண்டுவதில்லை. எஞ்சின் சற்று வேகமாக ஓடுகையில் பாட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருத்தல் வேண்டும். அதற்குக் குறைந்தால் சார்ஜ் ஏறவில்லை. புதுப் பாட்டரியும் சில நாளில் ஓய்ந்துவிடும்.

ஓய்ந்த பாட்டரியை வெளியே சார்ஜ் செய்வதாயின், ஐந்து ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு அரை ஆம்பியர் வீதம் பத்து மணி நேரம் போல் ஏற்றலாம். லாரிப் பாட்டரிக்குரிய பெரிய சார்ஜரில் மாட்டினால் அது கெடும். பாட்டரி அறவே தீர்ந்துவிட்டால், இன்ஜெக்‌ஷன் வண்டியைத் தள்ளிக் கிளப்ப முயல்வதில் பயனில்லை. பெட்ரோல் பம்பு இயங்கவும் மின்சாரம் வேண்டுமல்லவா? மோட்டார் ‘விர்’ரெனச் சுழன்றும் எஞ்சின் அசையாதிருப்பின், இடையிலுள்ள ஒருவழிக் கிளச் நழுவுகிறதென அறியலாம். அதற்கு எஞ்சின் மூடியைத் திறக்க வேண்டியிருத்தலால், அவ்வேலையை மெக்கானிக்கிடமே ஒப்படைக்க வேண்டும்.