நம்ம ஆளுக்கு ஒரு தராசு

 

2014 செப்டம்பர் 27 உங்களுக்கு நினைவிருக்கும். சொத்துக் குவிப்பு வழக்கில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு பெங்களூரு தனி நீதிமன்றம் 4 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. ஒரு தரப்பு சதி என்றது, மறு தரப்பு நீதி வென்றது என்றது. 2015 மே 11இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பேசிய வாய்கள் அதேதான், பேச்சு மட்டும் இடம் மாறிக்கொண்டது. 2017 டிசம்பர் 21இல் 2ஜி வழக்கில் ஆ.ராசாவும் கனிமொழியும் விடுதலையானபோது மறுபடியும் மாறியது. இரண்டு விடுதலைக்கும் வெடித்தது நம்ம ஊர்ப் பட்டாசுதான்!

தீர்ப்பை விமர்சிப்பது தவறல்ல. 2015 தீர்ப்பில் கூட்டல் பிழை இருப்பதாக அரசு வழக்கறிஞரே சொன்னார். பிறகு 2017இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் தீர்ப்பில் ஒரு வரி படிக்கும் முன்பே, பெயரைப் பார்த்தே நாம் முடிவு கட்டிவிடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவிலும் இதே கதைதான். 1998இல் கிளிண்டனின் ஒழுக்கத்தைக் கண்டித்தவர்களில் பலர், 2016இல் டிரம்ப் வந்ததும் தனி வாழ்க்கை வேறு, ஆட்சி வேறு என்றார்கள்.

தஃப்ஸீர் நூல்களில் ஒரு சம்பவம் வருகிறது. மதீனாவில் துஃமா இப்னு உபைரிக் என்பவர் ஒரு போர்க் கவசத்தைத் திருடி, பழியை ஒரு யூதர் மீது போட்டார். அவருடைய குலத்தார் திரண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தங்கள் ஆளுக்காக வாதாடினார்கள். திருடியவர் அன்ஸாரிகளில் ஒருவர். பழி விழுந்தவரோ யூதர். யார் பக்கம் கூட்டம் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்போது அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனத்திலிருந்து இறங்கியது. யூதர் நிரபராதி என்று தெளிவானது. மோசடி செய்தவர்களுக்காக வாதாட வேண்டாம் என்று நபியவர்களுக்கே அல்லாஹ் சொன்னான். 

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. அப்போது அ.தி.மு.க. ஆட்சி. 2023 அக்டோபர் 17, ஒரே நாளில் இரண்டு விபத்துகளில் 14 பேர் இறந்தார்கள். அப்போது தி.மு.க. ஆட்சி. ஆட்சி நம்முடையது என்றால், வேலையாட்களின் கவனக்குறைவு என்கிறோம். அவர்களுடையது என்றால், அதிகாரிகள் லஞ்சம் வாங்கிவிட்டார்கள் என்கிறோம். மருந்து அறையில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் இருந்தார்களா என்று இரண்டு தரப்பும் கேட்பதில்லை.

இந்த ஸஃப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலருடைய பிள்ளைகள் நாளைக் காலை அந்த அறைக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள்.