பணியை அளக்கும் முறை: மருந்து ஒழுங்குவிதி அலுவலரை முன்வைத்து ஒரு பாடம்

நெல்லைக் கொத்தினால் அளக்கின்றோம். நிலத்தைப் பரப்பினால் அளக்கின்றோம். பொன்னைத் தராசினால் நிறுக்கின்றோம். ஒருவன் ஓராண்டு முழுவதும் செய்த பணியை எதனால் அளப்பது? தச்சன் செய்த கதவுகளை எண்ணலாம். நெசவாளன் நெய்த முழங்களை எண்ணலாம். எழுத்தையும் ஏட்டையுமே கருவியாகக் கொண்டு, பிறர் வழங்கும் தீர்ப்பை எதிர்நோக்கித் தொழில் செய்பவனை அளப்பதே அரிது. அத்தகைய தொழில்களுள் ஒன்று மருந்து ஒழுங்குவிதி அலுவல். விஞ்ஞானமும் மருந்தியலும் கற்ற இளைஞர் இன்று பல நாடுகளிலும் இத்தொழிலிற் புகுகின்றனர். ஆதலின், அவர்க்குப் பணியிலக்கு வகுக்கும் முறையை ஆராய்தல் மாணவர்க்கும் உத்தியோகம் பார்ப்போர்க்கும் ஒருங்கே பயன்தரும்.

அத்தொழில் யாது?

மருந்தைச் செய்யும் கம்பனி அதனைத் தன் விருப்பப்படி விற்றல் இயலாது. ஐக்கிய அமெரிக்காவில் உணவு மருந்து நிருவாகமும், ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐரோப்பிய மருந்துகள் முகவரகமும், நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும் மருந்துகளை ஆராயும் பொறுப்புடையன. இத்தகைய நிறுவனத்துக்கும் கம்பனிக்கும் இடையில் நிற்பவரே ஒழுங்குவிதி அலுவலர்.

மருந்தின் செய்முறை, விலங்குகளிற் செய்த சோதனை, நோயாளரிடத்துச் செய்த சோதனை ஆகியவற்றின் விபரங்களைப் பல பகுதியாரிடமிருந்து திரட்டுதல், அவற்றை விண்ணப்பமாக ஒழுங்குசெய்தல், எழும் வினாக்களுக்கு விடையளித்தல், அனுமதி கிடைத்த பின்னரும் பக்கவிளைவுகளை அறிவித்தல் என்பன அவர் கடமைகள். அமெரிக்கா, ஐரோப்பா, யப்பான் ஆகியன உடன்பட்டு 2000ஆம் ஆண்டில் வகுத்த பொது அமைப்பின்படி, இவ்விண்ணப்பம் ஐந்து பகுதிகளையுடையது. முதலாவதில் அந்தந்த நாட்டுக்குரிய பத்திரங்களும், இரண்டாவதிற் சுருக்கங்களும், மூன்றாவதில் மருந்தின் தரம் பற்றிய விபரங்களும், நான்காவதில் மனிதருக்குக் கொடுக்குமுன் செய்த ஆய்வுகளும், ஐந்தாவதில் மனிதரிடத்துச் செய்த ஆய்வுகளும் அடங்கும். இவற்றுள் ஒன்று குறையினும் முழு விண்ணப்பமும் குறையுடையதாகும்.

இலக்கின் இலக்கணம்

இலக்கு வகுத்துப் பணி நடத்தும் கொள்கையைப் பீட்டர் டிரக்கர் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட முகாமைத்துவ நூலில் விரித்துரைத்தார். பின்னர் 1981ஆம் ஆண்டில் ஜோர்ஜ் டோரன் என்பார் நல்ல இலக்கிற்கு ஐந்து இலக்கணம் கூறினார். அது குறிப்பானதாதல் வேண்டும்; அளக்கத்தக்கதாதல் வேண்டும்; இன்னார் பொறுப்பு என்று சுட்டத்தக்கதாதல் வேண்டும்; இயல்வதாதல் வேண்டும்; காலவரையறை உடையதாதல் வேண்டும். தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து நிறுத்திய முறையை அறிந்த நம் மாணவர்க்கு இவ்விலக்கணம் அந்நியமாகத் தோன்றாது.

இனி, அலுவலர் ஒருவருக்கு வகுக்கக்கூடிய மூன்று இலக்குகளை ஒப்புநோக்குவாம்.

ஒன்று: “இவ்வாண்டில் விண்ணப்பங்களைச் சிறப்பாகத் தயாரித்தல்.”

இரண்டு: “இவ்வாண்டில் ஐந்து மருந்துகளுக்கு அனுமதி பெறுதல்.”

மூன்று: “இவ்வாண்டில் அனுப்பவுள்ள ஐந்து விண்ணப்பங்களையும் குறித்த நாளில் அனுப்புதலும், அவற்றுள் ஒன்றேனும் முழுமையின்மை காரணமாகத் திருப்பப்படாமற் காத்தலும்.”

முதலாவது வாழ்த்துரையேயன்றி இலக்கன்று. சிறப்பு என்பதற்கு அங்கே அளவில்லை. இரண்டாவது அளக்கத்தக்கதே; ஆயினும் அனுமதி வழங்குவது அலுவலரன்று, அரசு. மருந்து பயனற்றதாயின் விண்ணப்பம் எவ்வளவு சீராக இருப்பினும் மறுக்கப்படும், மறுக்கப்படுதலே நீதியுமாகும். மருந்தின் குற்றத்துக்காக அலுவலரின் சம்பள உயர்வைத் தடுப்பது முறையன்று. மூன்றாவதே உண்மையான இலக்கு. அஃது எண்ணத்தக்கது, அவர் கைக்குள் அடங்குவது. ஐக்கிய அமெரிக்காவிற் புதுமருந்து விண்ணப்பம் சென்றபின் அதனை ஆய்வுக்கு ஏற்பதா என்று நிருவாகம் 60 நாட்களுள் தீர்மானிக்கும் வழக்கம் உண்டாதலால், இவ்விலக்கு நிறைவேறியதா என்பதைத் தெளிவாக அறியலாம்.

இரு கடிகாரங்கள்

காலத்தை அளக்கும்போது யாருடைய காலம் என்று பிரித்தறிதல் இன்றியமையாதது. ஐரோப்பிய முகவரகத்தின் ஆய்வுக்கு வகுத்த காலம் 210 நாட்கள். எனினும் முகவரகம் வினாப் பட்டியலை அனுப்பியதும் அக்கடிகாரம் நிறுத்தப்படும். கம்பனி விடையளித்த பின்னரே மீண்டும் ஓடும். 210 நாட்களும் ஆய்வாளருடைய நாட்கள். கடிகாரம் நின்றிருக்கும் நாட்கள் கம்பனியுடைய நாட்கள். ஒழுங்குவிதி அலுவலரின் கணக்கில் எழுதவேண்டியவை பின்னையவையே.

அமெரிக்காவிலும் இவ்வேறுபாடு உண்டு. 1992ஆம் ஆண்டில் விண்ணப்பக் கட்டணச் சட்டம் வந்தபின், ஆய்வை முடிக்கும் கால இலக்குகளை நிருவாகம் ஏற்றுக்கொண்டது. இப்போதைய முறையிற் சாதாரண விண்ணப்பத்துக்கு 10 மாதமும் முன்னுரிமை விண்ணப்பத்துக்கு 6 மாதமும் வகுக்கப்பட்டு, நூற்றுக்கு 90 விண்ணப்பங்களேனும் அக்காலத்துள் முடிதல் வேண்டுமென்பது இலக்கு. இஃது நிருவாகத்தின் இலக்கு. இதனை எடுத்து அலுவலரின் தோளில் ஏற்றுவது, பரீட்சகர் விடைத்தாளைத் திருத்தத் தாமதித்தமைக்கு மாணவனைக் கண்டிப்பதை ஒக்கும்.

எவற்றை எண்ணலாம்?

முதலாவது, சட்டம் விதித்த தவணைகள். அமெரிக்காவில் விற்பனையிலுள்ள மருந்தினால் எதிர்பாராத கடும் பக்கவிளைவு நேர்ந்ததாக அறிந்தால், கம்பனி அதனை 15 நாட்களுள் அறிவித்தல் வேண்டும். ஆய்வுநிலை மருந்தினால் எதிர்பாராத மரணமோ உயிராபத்தோ விளைந்ததென ஐயுற்றால் 7 நாட்களுள் அறிவித்தல் வேண்டும். இங்கே நூற்றுக்கு 90 என்று இலக்கு வைத்தல் தகாது. விடுபட்ட பத்திலும் ஒவ்வொன்றும் ஒரு நோயாளரைப் பற்றிய செய்தி. ஆகவே இலக்கு நூற்றுக்கு நூறே.

இரண்டாவது, வினாக்களின் தன்மை. ஆய்வாளர் கேட்கும் வினாக்கள் எல்லாவற்றையும் குற்றமாக எண்ணலாகாது. புதிய மருந்து புதிய வினாவை எழுப்புதல் இயல்பு. ஆனால் ஓர் அட்டவணை விடுபட்டமையாலும், ஒரே அளவு இரண்டிடத்தில் இருவேறாக எழுதப்பட்டமையாலும் எழுந்த வினாக்கள் தவிர்த்திருக்கக்கூடியவை. அவற்றை மட்டும் பிரித்தெண்ணிச் சென்ற ஆண்டின் தொகையோடு ஒப்பிடுக.

மூன்றாவது, விடையளிக்கும் நாட்கள். வினா வந்த நாள், உரிய பகுதியாரிடம் சேர்த்த நாள், விடை சென்ற நாள் ஆகிய மூன்றையும் பதிவுசெய்தால், தாமதம் எவரிடத்தில் நேர்ந்தது என்பது வெளிப்படும்.

இவற்றைக் கணக்கிடும்போது ஓர் எச்சரிக்கை. சிறு தொகைகளுக்கு நூற்றுவீதம் கூறல் பொருந்தாது. ஆண்டில் மூன்று விண்ணப்பம் அனுப்புபவருக்கு ஒன்று தவறினும் வீதம் 67 ஆகிவிடும். அத்தகையோர்க்கு “மூன்றில் இரண்டு” என்று எழுதி, மூன்றாவது தவறிய காரணத்தையும் ஒரு வரியிற் குறிப்பதே நேர்மையான கணக்கு.

விரைவும் உண்மையும்

அளவுகோல் மனிதனை அளப்பதோடு அமையாது, அவனை மாற்றவும் செய்யும். சித்திவீதம் ஒன்றினாலேயே பாடசாலையை மதித்தால், பின்தங்கிய பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பாது நிறுத்தும் எண்ணம் பிறக்கும். வீதம் உயரும், கல்வி உயராது. மருந்து அலுவலில் இத்தகைய பிழையின் விலை எத்துணைப் பெரிதென்பதற்குத் தலிடோமைட் வரலாறே சான்று.

மேற்கு ஜேர்மனியில் 1957ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த அத்தூக்க மருந்தைக் கருவுற்ற தாய்மார் குமட்டலுக்கும் உட்கொண்டனர். அதனை ஐக்கிய அமெரிக்காவில் விற்க 1960 செப்டெம்பரில் மெரல் கம்பனி விண்ணப்பித்தது. அக்காலச் சட்டப்படி 60 நாட்களுள் நிருவாகம் தடைகூறாவிடின் மருந்து சந்தைக்கு வந்துவிடும். அவ்வாண்டிலேயே பணியேற்ற பிரான்சிஸ் கெல்சி அம்மையார், காட்டிய ஆதாரம் போதாதென்று மீண்டும் மீண்டும் மேலதிக விபரம் கேட்டார். கம்பனி நெருக்கியும் அவர் அசையவில்லை. 1961 நவம்பரில் ஜேர்மனியில் அம்மருந்து நிறுத்தப்பட்டது. உலகில் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகள் அதனாற் குறையுறுப்புடன் பிறந்தனவென்று கணிக்கப்படுகின்றது. அமெரிக்காவில் வைத்தியர் மூலம் மாதிரியாக வழங்கப்பட்ட அளவே பரவியதால், அந்நாடு பெருந்துயரினின்று தப்பியது. 1962 ஒக்டோபரிற் சட்டம் திருத்தப்பட்டு, வெளிப்படையான அனுமதியும் மருந்தின் பயனுக்குச் சான்றும் கட்டாயமாயின.

இவ்வரலாற்றை நம் பாடத்தோடு பொருத்துவாம். “இத்தனை மாதத்துள் அனுமதி” என்பதொன்றையே இலக்காகக் கொண்டவனுக்குக் கெல்சியின் வினா வழியிற் கிடந்த முள். “வினாவுக்கு ஆதாரத்தோடு விடை” என்பதை இலக்காகக் கொண்டவனுக்கு அவ்வினாவே அவன் பணி. ஆதலின் விரைவை அளக்கும் ஒவ்வோர் இலக்குக்கும் உண்மையை அளக்கும் இலக்கொன்றைத் துணையாக நிறுத்துதல் வேண்டும். விடையளித்த நாட்களை எண்ணும்போது, அவ்விடையைப் பின்னர் எத்தனைமுறை திருத்தவேண்டியிருந்தது என்பதையும் எண்ணுக. பக்கவிளைவு அறிக்கைகளின் தொகை குறைதலை ஒருபோதும் இலக்காக வையற்க. அது மறைப்போனுக்குப் பரிசளிப்பதாகும்.

முடிபு

தலைவர்க்குரிய கடமையும் ஒன்றுண்டு. இலக்குகள் மூன்று நான்கின் மேற் செல்லாதிருத்தல் நன்று. ஆண்டுத் தொடக்கத்தில் அலுவலரோடு அமர்ந்து அவற்றை எழுதுதல் வேண்டும். காலாண்டுதோறும் நோக்குதல் வேண்டும். அரச விதிகள் இடையில் மாறினால் இலக்கையும் மாற்றுதல் வேண்டும். ஆண்டிறுதியில் மட்டும் ஏட்டைத் திறப்பவர் அளப்பவரல்லர், தண்டிப்பவரே.

இத்தொழிலிற் புகவிருக்கும் மாணவர் இரண்டு வினாக்களை மனத்திற் பதித்துக்கொள்க. எனக்கு விதித்த இலக்கு என் கைக்குள் அடங்குவதா? அதனை நான் நிறைவேற்றினால், மருந்தை உட்கொள்ளும் நோயாளிக்கு நன்மை விளையுமா? இரண்டுக்கும் ஆம் என்று விடைகூற முடியுமாயின் அதனை ஏற்று உழைக்க. இரண்டிலொன்றுக்கு விடை தயங்குமாயின், கையொப்பமிடுமுன் பணிவோடு எழுந்து அதனைத் திருத்துமாறு கேட்க. அங்ஙனம் கேட்கும் துணிவும் கல்வியின் பயன்களுள் ஒன்றேயாம்.