‘இன்டர்நெட் வரவில்லை’: நேர்முகத் தேர்வுக் கேள்வி பற்றிய சில நம்பிக்கைகள்

வலையமைப்பு, சர்வர் பராமரிப்புப் பணிகளுக்கான நேர்முகத் தேர்வுகளில், ‘ஒரு பயனருக்கு இன்டர்நெட் வரவில்லை, என்ன செய்வீர்கள்?’ என்பது போன்ற பழுதறியும் கேள்விகளுக்குச் சட்டென்று காரணத்தைச் சொல்லிவிடுபவரே கெட்டிக்காரர் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால் காரணத்தை முடிவு செய்யும் அளவுக்கு அக்கேள்வியில் தகவலே கிடையாது. பெரும்பாலும் அது வேண்டுமென்றே விடப்பட்ட குறை. ‘அவருக்கு மட்டுமா, அந்த மாடியில் எல்லோருக்குமா?’ என்று திருப்பிக் கேட்பவர், பழுது அந்தப் பயனருடைய கணினிப் பக்கமா, பலருக்கும் பொதுவான சுவிட்ச், ரவுட்டர் பக்கமா என்பதை ஒரே கேள்வியில் பெருமளவு பிரித்துவிடுகிறார் என்பதால், எதிர்க்கேள்வி கேட்பது அறியாமையைக் காட்டிக்கொடுக்கும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை.

அடுத்த சோதனைகளும் இவ்வாறே களத்தைக் குறுக்குகின்றன. விண்டோஸ் கணினியின் ஐ.பி. முகவரி, அதாவது வலையமைப்பில் அதற்குரிய எண், 169.254 என்று தொடங்கினால், முகவரிகளை வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரிடமிருந்து பதில் கிடைக்காமல் கணினி தனக்குத்தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று பொருள். முகவரி சரியாக இருந்து, கூகுளின் 8.8.8.8 என்ற முகவரியிலிருந்து பதிலும் வந்து, இணையதளங்கள் மட்டும் திறக்காவிட்டால், தளப் பெயர்களுக்குரிய எண்களைத் தேடித்தரும் டி.என்.எஸ். மீதே முதல் சந்தேகம் விழும்.

ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் சோதனைக்குப் பதில் வராவிட்டால் சர்வர் நின்றுவிட்டது என்பதும் தவறான முடிவு. பிங் பயன்படுத்தும் ஐ.சி.எம்.பி. செய்திகளை ஃபயர்வால் தடுத்திருக்கலாம்; அதே சர்வர் 443 ஆம் போர்ட்டில் இணையப் பக்கங்களைத் தடையின்றி வழங்கிக்கொண்டிருக்கலாம்.

‘ரீஸ்டார்ட் செய்வேன்’ என்ற விடை கேலிக்குரியதன்று, அது பல நேரங்களில் பலிக்கவும் செய்கிறது. ஆயினும் தடயத்தையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. லினக்ஸ் சர்வரில் வட்டு நிரம்பிவிட்டதாக டி.எஃப். கட்டளை காட்ட, கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டி.யு. கட்டளை மிகக் குறைவாகக் காட்டினால், அழிக்கப்பட்ட பெரிய பதிவுக் கோப்பு ஒன்றை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கக்கூடும். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பிவிடும், ஆனால் அந்த நிரல் எது என்பது தெரியாமலே போய், சில நாள்களில் வட்டு மறுபடி நிரம்பலாம். முதலில் எல்.எஸ்.ஓ.எஃப். கட்டளையை ஓட்டிப் பார்த்தால் அந்த நிரலின் பெயர் கிடைத்துவிடும்; பெரும்பாலும் அதை மட்டும் ரீஸ்டார்ட் செய்தாலே போதும்.