ஓடைக்கு மீனே அளவுகோல்

கேள்வி: நகரம் விரிந்துவரும் இடத்தில், மீன் வாழும் ஓடையின் நீர்த்தரத்துக்கு எதை லட்சியமாகக் கொள்வது?

பதில்: அவ்வோடையில் வாழும் மீனின் ஜீவிதத்திலே மிக மென்மையான பருவம் எதுவோ, அதாவது கூழாங்கற்களின் இடுக்கில் முட்டை பொரியும் காலம் எதுவோ, அதற்கு வேண்டிய குளிர்ச்சியையும் பிராணவாயுவையும் தெளிவையும் முதலில் நிர்ணயித்துக்கொண்டு, அதன் பிறகே நகரத்தாரின் சௌகரியத்தைப் பற்றி யோசிப்பது தர்மம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், சால்மன் முட்டையிட்டு வளரும் நீருக்கு 17.5 பாகை செல்சியஸையும், அதன் முக்கியக் கோடை வாழிடங்களுக்கு 16 பாகையையும் உச்ச வரம்பாக வைத்திருப்பது இத்தகைய விவேகமே.

ஆயினும், உஷ்ணம் சரியாக இருந்தால் போதுமென்று அமைந்துவிடலாகாது. அம்மாநிலத்துச் சியாட்டில் நகர ஓடைகளுக்குக் கடலிலிருந்து திரும்பிய கோஹோ சால்மன்கள், இலையுதிர்கால மழைக்குப் பின், நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து, நிலைதடுமாறிச் சுழன்று, வயிறு நிறைந்த முட்டைகளை இடாமலே மாண்டன. டயர் ரப்பரைப் பாதுகாக்கச் சேர்க்கும் ரசாயனம் ஓஸோனுடன் கூடி உண்டாகும் 6பிபிடி-குவினோன் என்னும் விஷமே காரணமென்பது, நீண்ட ஆராய்ச்சிக்குப் பின் 2020-இல் தெரியவந்தது. அவ்விஷம் கலந்து சாலையிலிருந்து வழியும் மழைநீரையே, மணலும் மக்கிய உரமும் கலந்த மண்ணினூடே வடியவிட்டபோது அதில் மீன்கள் பிழைத்தன.

ஆகவே, வெயில் நாளில் மட்டுமன்றி மழை கொட்டும் வேளையிலும் நீரை அளந்து பாருங்கள். சாலை நீர் மண்ணில் வடிந்தபின்னரே ஓடையைச் சேர வழி செய்யுங்கள். திரும்பி வந்த மீன் முட்டையிட்டு முடிப்பதே நம் லட்சியம்.